மக்களிடம் செல்வோர் எதைப் பணயம் வைக்கின்றனர்?

"மக்களே தீர்ப்பளிக்கட்டும்!" இந்நாட்டில் இவ்வாறு முழங்காத தலைவர் எவருமிலர். மக்களிடம் நேரிற் செல்வது சனநாயகத்தின் உயிர்நாடி என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின், செல்பவர் தம் பதவியைப் பணயம் வைத்துச் செல்கின்றாரா, அன்றி அதிகாரத்தைக் காத்துக்கொள்ளச் செல்கின்றாரா என்று கேட்பது நம் கடமையன்றோ?

1982 டிசெம்பர் 22ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். 1977இல் 168 ஆசனங்களுள் 140ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சி, விகிதாசாரத் தேர்தல் வந்தால் அந்தப் பெரும்பலம் நிலையாது என்பதை நன்கறிந்திருந்தது. எனவே சனாதிபதி ஜயவர்த்தனா பொதுத்தேர்தலைத் தவிர்த்தார். பழைய பாராளுமன்றத்துக்கே மேலும் ஆறாண்டு ஆயுள் தருமாறு சர்வசன வாக்கெடுப்பில் மக்களைக் கேட்டார். அவசரகால நிலை நீடிக்கையிலேயே வாக்கெடுப்பு நடந்தது. சம்மதிப்போருக்கு விளக்கு; மறுப்போருக்குக் குடம். விளக்குக்கு ஏறக்குறைய 31 இலட்சம், குடத்துக்கு 26 இலட்சம் வாக்குகள். யாழ்ப்பாண மாவட்டத்திலோ நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் குடத்துக்கே வாக்களித்தனர். பயன் என்ன? புதிய பிரதிநிதிகளைத் தேரும் வாய்ப்பு அவர்களிடமிருந்தும் பறிபோயிற்று.

"அரசியலமைப்பு இதற்கு இடமளிக்கின்றதே" என்பர் சிலர். நாமும் சட்டம் கற்றோரே. தவணை முடிந்த குத்தகைக்காரன் மறுபடியும் காணியைக் கேட்கலாம். வேறெவரும் கேட்க வராதபடி படலையைப் பூட்டிவிட்டுக் கேட்டல் நீதியாகுமா?

மாறான வழியையும் இந்நாடு கண்டதுண்டு. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பதை மெய்ப்பிக்க, தந்தை செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். போட்டியிட்டு வெல்லுமாறு அரசுக்கு அறைகூவல் விடுத்தார். அரசு இடைத்தேர்தலை ஈராண்டுக்கு மேல் இழுத்தடித்தது. ஈற்றில் 1975 பெப்ரவரி 6இல் அவர் 25,927 வாக்குகள் பெற்று, எதிர்த்து நின்ற வி. பொன்னம்பலத்தை 16,470 வாக்குகளால் வென்றார்.

வேற்றுமை யாது? செல்வநாயகம் தோற்றிருப்பின் ஆசனத்தையும் கொள்கையையும் ஒருங்கே இழந்திருப்பார். ஜயவர்த்தனா தோற்றிருப்பினும், இரண்டு மாதங்களுக்கு முன் மீண்டும் வென்ற சனாதிபதிப் பதவி அவர் கையை விட்டுப் போயிராது. முன்னது மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கல். பின்னது மக்கள் கையைக்கொண்டே மக்கள் வாயை அடைத்தல்!

ஆகவே, ஆணை தாருங்கள் என்று மேடையேறுவோர் சிங்களத் தலைவராயினும் தமிழ்த் தலைவராயினும், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "நாங்கள் இல்லை என்றால் நீங்கள் இழப்பது என்ன?" ஒன்றுமில்லை என்பது விடையாயின், அவர் வந்தது தீர்ப்புக் கேட்கவன்று, கைந்நாட்டுப் பெறவே!