பாட்டி ஃபெயில்!

பி.காம். முதல் வருஷத்தில் எங்கள் அக்கவுண்டன்சி புரொபசர் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தது இது: கணக்குகள் மூன்று வகை. பர்சனல், ரியல், நாமினல். இதில் நாமினல் அக்கவுண்ட், வருஷக் கடைசியில் லாப நஷ்டக் கணக்கோடு முடிந்துபோகும். ரியல் அக்கவுண்ட் அடுத்த வருஷத்துக்கும் கூட வரும். மனப்பாடம் பண்ணிப் பாஸ் செய்தேனே தவிர, புரியவில்லை. பதினைந்து வருஷம் கழித்து ஒரு கூடைக் காய்கறி வந்து புரிய வைத்தது.

என் மகனுக்கு மூன்றரை வயது. ப்ரீ-கே.ஜி. டீச்சர், "வீட்ல காய்கறி பேரெல்லாம் சொல்லிக் குடுங்க சார்" என்றார். உடனே போய் 249 ரூபாய்க்கு ஒரு பெட்டி ஃப்ளாஷ் கார்டு வாங்கி வந்தேன். மொத்தம் 36 அட்டை. எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று ஒவ்வொன்றிலும் ஒரு காய். கீழே கொட்டை எழுத்தில் இங்கிலீஷ் பெயர்.

ஒரே வாரம். பயல் 36-ஐயும் உருப்போட்டு விட்டான்! ஆஸ்பராகஸ், ஸுக்கினி, ஆர்ட்டிசோக் என்று எங்கள் தெருத் தள்ளுவண்டியில் ஒருநாளும் ஏறாத காயெல்லாம் அவனுக்கு அத்துப்படி. முருங்கை, கொத்தவரை, புடலைக்கு மட்டும் பெட்டியில் இடமில்லை. இத்தனைக்கும் முருங்கைக்குத் தாவரவியலில் இருக்கும் 'மொரிங்கா' என்ற பெயரே நம் பக்கத்திலிருந்து போனதுதான். பெயரைக் கொடுத்தவனுக்கு அட்டை கிடையாது!

கத்தரிக்காய் அட்டையில் 'எக் பிளான்ட்' என்று போட்டிருந்தது. "நாம பிரிஞ்சால்னுதானேங்க படிச்சோம்?" என்றாள் என் மனைவி. பிரிஞ்சால், போர்ச்சுகீசியர் வழியாக வந்து இங்கே தங்கிவிட்ட சொல். லண்டன்காரர் ஓபர்ஜீன் என்பார். அமெரிக்கர் எக் பிளான்ட் என்பார். ஒரு காலத்தில் கோழி முட்டை மாதிரி வெள்ளையாகக் காய்த்த ரகத்தைப் பார்த்து வைத்த பெயராம். அட்டையில் இருந்ததோ கருநீலத்தில், தீக்கோழி முட்டை சைஸில்!

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் பையனின் கச்சேரிதான். நானும் மிருதங்கக்காரர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை மாற்றிக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் விருந்தாளி யாரும் கிடைக்கவில்லை. பயல் நேரே என் அம்மாவிடம் போய் அட்டையை நீட்டினான். "பாட்டி, வாட் இஸ் திஸ்?"

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். அட்டையைக் கிட்டே வைத்து, எட்ட வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "மங்கலாத் தெரியுதுடா கண்ணா... பூசணியா?"

"எக் பிளான்ட்! பாட்டி ஃபெயில்! பாட்டி ஃபெயில்!"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயதான கண்ணில் நீர் வடிவது சகஜம்தான் என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மார்க்கெட் பையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா பையை மடியில் வைத்து, பார்க்காமலே உள்ளே கைவிட்டாள்.

"கத்தரிக்காய். காம்பு காஞ்சிருக்கு, முந்தாநாள் பறிச்சது. இதுல ரெண்டு சொத்தை... தடவிப் பாரு, ஓட்டை இருக்கு. வெண்டைக்காய் முத்தல், நுனி ஒடிய மாட்டேங்குது, வளையுது. முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கினியா இல்லையா?"

இல்லை.

"எங்கே, நீ வா!" என்று பேரனைக் கூப்பிட்டுக் கண்ணைப் பொத்தி, கையில் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்தாள். காம்பு முள் குத்தியதும் "ஆ!" என்றான். பெயர் வரவில்லை. கண்ணைத் திறந்துவிட்டாள். அப்போதும் வரவில்லை. எப்படி வரும்? கையில் இருந்தது பச்சை வரி போட்ட நாட்டுக் கத்தரிக்காய்!

அடுத்து எனக்குப் பரீட்சை. கண்ணை மூடி இரண்டு காய்களைத் தடவிப் பார்த்து, "ரெண்டும் பீன்ஸ்" என்றேன். ஒன்று கொத்தவரங்காய். "சொரசொரன்னு இருக்கறதுக்கும் வழுவழுன்னு இருக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாம என்னடா பி.காம். படிச்சே?" என்றாள் அம்மா.

"அப்பா ஃபெயில்!" என்று குதித்தான் பயல். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அப்போதுதான் புரொபசர் ஞாபகம் வந்தார். அட்டையில் வந்ததெல்லாம் நாமினல் அக்கவுண்ட், வெறும் பெயர். அம்மா கையில் இருப்பது ரியல் அக்கவுண்ட். கண் போனாலும் பாக்கி கூடவே வருகிறது. அதை அடுத்த ஏட்டுக்கு எடுத்து எழுத வேண்டியவன் நான். எழுதாமல், 249 ரூபாய்க்கு அட்டை வாங்கி வந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாட்டியும் பேரனும் தள்ளுவண்டிக்குப் போகிறார்கள். முதல் நாளே பயல் வண்டியிலிருந்த வெண்டைக்காய்களை ஒன்று விடாமல் நுனி ஒடித்துவிட்டான். "ஒடிச்சதெல்லாம் உங்க கணக்குதான் சார்" என்று வண்டிக்கார அம்மா எடை போட்டார். ஒன்றரைக் கிலோ! மூன்று நாள் வெண்டைக்காய்ப் பொரியல், சாம்பார், மோர்க்குழம்பு. ஆனால் ஒன்று, தான் ஒடித்த காய் என்று பயல் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

போன வாரம் அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பயல் ஓடிப்போய் அதே அட்டையை எடுத்து வந்து நீட்டினான். அம்மா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"கத்தரிக்காய்தானே? இவ்வளவு பெரிசு ஆகாதுடா கண்ணா. உள்ளே பூரா விதையா இருக்கும். வாங்காதே!"

பயல் அட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா, பாட்டி பாஸ்!"