‘புதிய காற்று’ எங்கே ஓடுது?

பழைய படம் என்றால் எனக்கு உயிர். பதுளை டவுனில் டீ குடிக்கிற நேரம் ‘பராசக்தி’ பேச்சை எடுத்துப் பாருங்கள், நாலு பேர் வசனத்தோடு வந்துவிடுவார்கள். 1952இல் வந்த படம்! கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

போன கிழமை அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பியிடம் ‘புதிய காற்று’ தெரியுமா என்று கேட்டேன்.

“புதுசா அண்ணே? எங்க ஓடுது?”

வயிறு எரிந்தது. 1975இல் வந்த படம்டா தம்பி. நம்ம தேயிலைத் தோட்டத்துக் கதை. தொழிற்சங்கக்காரர் வி.பி.கணேசன் எடுத்து அவரே நடித்தது. எழுதியது தெளிவத்தை ஜோசப். பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளையில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் வாத்தியாராக இருந்து, அந்தத் தோட்டத்துப் பேரையே தன் பேராக்கிக்கொண்டவர். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கொண்டாடினார்கள். அவர் பிறந்த பதுளையில் அவர் படத்துக்கு, “எங்க ஓடுது?”

அவனைத் திட்டி என்ன? அவனுக்கு யார் காட்டினோம்? 1963லேயே ‘தோட்டக்காரி’ படம் வந்தது. இலங்கையில் தமிழ்ப் படம் தவழத் தொடங்கிய நாளிலேயே கேமரா நம்ம மலைக்கு ஏறியிருக்கிறது. ஒரு சீன் போட்டுக் காட்டு என்றால் என் கையில் ஒன்றுமில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனை படங்களின் நெகட்டிவ் சாம்பலானது! அது நெருப்பு வைத்தவன் பாவம். மிச்சத்தைத் தேடாமல் விட்டது?

படம் மட்டுமா? ஒரு விழாவில் காமன்கூத்து என்றார்கள். ஆசையாக ஓடினேன். ஐந்தே நிமிஷம். பென்டிரைவில் பாட்டு. மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றினால் பௌர்ணமி வரைக்கும் ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். மதன் எரிகிற ராத்திரி தோட்டமே தூங்காது. அந்த ராத்திரியை ஐந்து நிமிஷத்தில் அடக்க முடியுமா, சொல்லுங்கள்! நாற்பது வருஷம் தப்பு அடித்த பெரியவர் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். ஒருத்தராவது மேடைக்குக் கூப்பிட வேண்டாமா?

சி.வி.வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தாரே, இல்லையென்றால் கொழுந்து மலையில் பாடினதெல்லாம் காற்றோடு போயிருக்கும். இன்றைக்குப் பதிந்துகொள்ள எல்லார் கையிலும் போன். எங்கள் அம்மாயி பாடின தாலாட்டில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. நினைத்தால் தாங்கவில்லை.

பக்கத்துக் காம்பிராப் பாட்டி அந்தக் காலத்தில் ‘புதிய காற்று’ பார்த்தவர். காலைப் பிரட்டுக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று ராத்திரி ஷோவுக்கு நடந்தே போனார்களாம். திரையில் கொழுந்துக் கூடையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவள் அழுதுவிட்டாளாம். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி என் கையைப் பிடித்தார்.

“மறுபடி எப்ப தம்பி போடுவாங்க?”