வெள்ளிக்கிழமை தீர்மானம், செவ்வாய்க்கிழமை வரி

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. சொத்து வரியை 6 சதவீதம் உயர்த்தச் சென்னை மாமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த செவ்வாய், அக்டோபர் 1 முதல் அமல். அரையாண்டு வரியை அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை. தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. மக்களுக்குக் கெடு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, முன்கூட்டிச் சொல்ல மட்டும் தெரியவில்லை.

இந்த அவசரத்தில் முதலில் அடிபடுபவர், கடனில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. வாடகை வந்த கையோடு வங்கித் தவணைக்குப் போகிறது; அதுவும் போதாமல் சம்பளத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். 2022 ஏப்ரலில் வந்த உயர்வில், இப்பகுதிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு வரி 50 சதவீதம் ஏறியது. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டியவர் 3,000 கட்டினார். அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் கூட்டத் தொடங்கியது; 4 சதவீதம், 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. தவணையும் ஏறியது. 2024 உயர்வில் அந்த 3,000, அம்பத்தூரில் 3,180 ஆனது. வாடகை ஒப்பந்தமோ 11 மாதத்துக்கு. நடுவில் வாடகையைக் கூட்ட முடியாது. ஒப்பந்தம் முடிந்ததும் சுமை குடித்தனக்காரர் தலையில்தான் இறங்கும்.

அமெரிக்காவில் கடன் கொடுத்தவரே மாதத் தவணையோடு சொத்து வரிக்கும் சேர்த்து வாங்கித் தனிக் கணக்கில் வைப்பது வழக்கம். துண்டு விழுந்தால் ஓராண்டில் பிரித்துக் கட்டலாம். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. அரையாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்ட வேண்டும்.

இந்த உயர்வுக்குக் காரணம் மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை என்று கைகாட்டினார்கள். உயர்த்தச் சொன்னது அதுவாகவே இருக்கட்டும். நான்கே நாளில் அமல்படுத்தச் சொன்னதும் அதுதானா?

ஆள்பவர்களுக்கு இது பழகிப்போன வழி. சென்னையில் 1998க்குப் பிறகு 20 ஆண்டுகள் வரியைத் திருத்தாமல் தூங்கினார்கள். 2018இல் விழித்து ஒரேயடியாக ஏற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். கூடுதலாகக் கட்டிய பணத்தையாவது கையில் கொடுத்தார்களா? வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். வாங்கும்போது ரொக்கம், திருப்பும்போது கணக்கு! ஆட்சி மாறியது, அலட்சியம் மாறவில்லை.

இப்படியே ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றிக்கொண்டு போனால் ஐந்தாண்டில் வரி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஏற்றுவதானால் போதிய அவகாசம் கொடுங்கள். கடனில் இருப்பவர் சமாளிக்க ஒரு வழி செய்யுங்கள். அதற்கு மனமில்லாதவர்களுக்கு, ஆண்டுதோறும் கை நீட்டும் தகுதியும் இல்லை.