வகுப்பறைக் கதவைத் திறந்து வைப்போம்

மக்தப் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கும் நம்மிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. நாம் பாடம் நடத்தும் முறையை மற்றோர் உஸ்தாத் அமர்ந்து பார்ப்பதில்லை. யாரேனும் வந்து அமர்ந்தால், குறை காண வந்தவர் என்றே உள்ளம் சுருங்குகிறது. இது பணிவின்மையா, அச்சமா? இரண்டும் கலந்ததே என்று எண்ணுகிறோம்.

சென்ற ஆண்டு சக உஸ்தாத் ஒருவரை எமது வகுப்புக்கு அழைத்தோம். பிள்ளைகளோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். இஷாவுக்குப் பின் தனியே அழைத்துச் சொன்னார்: "ஹஜ்ரத், எல்லோரும் சேர்ந்து ஓதுவது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், பின்னால் மூன்று பேர் உதட்டை மட்டுமே அசைக்கிறார்கள். ஒரு பிள்ளை 'அல்ஹம்து' என்பதிலுள்ள ஹாவைத் தொண்டையின் நடுவிலிருந்து எடுக்காமல், மற்ற ஹாவாக ஓதுகிறது."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதப்படும் ஃபாத்திஹா அல்லவா அது! முன்வரிசைப் பிள்ளைகளின் உரத்த குரலைக் கேட்டு, வகுப்பு முழுவதும் தேர்ந்துவிட்டதென்று நம்பியிருந்தோம். மறுநாள் முதல் கடைசி வரிசையிலிருந்தே, ஒவ்வொருவராகப் பாடம் கேட்கிறோம். அவருடைய வகுப்புக்குச் சென்றபோது, எழுத்தின்மேல் விரல் வைத்து ஓதச் செய்யும் அவரது பொறுமையைக் கற்றுக்கொண்டோம்.

குர்ஆன் அருளப்பெற்ற நபி (ஸல்) அவர்களே, ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு அதனை ஓதிச் சரிபார்த்தார்கள். வஃபாத்தான ஆண்டில் இருமுறை அவ்வாறு நிகழ்ந்ததாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. அவ்வாறிருக்க, பிறர் செவிக்கு நம் பாடத்தைக் கொடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஆனால், இதற்கு ஒழுங்கு வேண்டும். ஆசிரியர் தாமே விரும்பி அழைக்க வேண்டும். கண்டதைப் பிள்ளைகள் முன்னிலையில் கூறலாகாது. ஜமாஅத் நிர்வாகத்திடம் கொண்டு செல்லுதல் அறவே கூடாது. சென்றால் அது நஸீஹத்தாக இராது, புறமாகிவிடும். முஃமினை முஃமினுக்குக் கண்ணாடியாக உவமித்த நபிமொழி அபூதாவூதில் உண்டு. கண்ணாடி கறையை உரியவருக்கே காட்டும். ஊராரிடம் சொல்லித் திரியாது. பார்க்க வந்தவரும் தம் வகுப்பைத் திறந்துவிடக் கடமைப்பட்டவர்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: உங்கள் பிள்ளையின் வகுப்பில் வேறோர் உஸ்தாத் அமர்ந்திருக்கக் கண்டால், ஆசிரியர்மீது புகார் வந்துவிட்டதோ என்று ஐயுறாதீர்கள். பிள்ளையின் ஓதலை இரண்டு செவிகளுக்குப் பதிலாக நான்கு செவிகள் கேட்கின்றன என்று மகிழுங்கள்.

நம் குறைகளை நாமே அறிந்து திருத்திக்கொள்ளும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.