இரண்டாம் விருப்பை வெறுமையாக விடாதீர்கள்

2005 நவம்பர் 17, இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் நாள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. வாக்களித்தவர்கள் 8,524 பேர். அன்று ரணில் விக்கிரமசிங்கவை மகிந்த ராஜபக்ச வென்றது 1 லட்சத்து 81 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளால். புலிகள் புறக்கணிப்பை வலியுறுத்தியிருந்தார்கள். விரும்பியோ அஞ்சியோ நாங்கள் வீட்டில் இருந்தோம். ரணில் வென்றிருந்தால் போர் வந்திராது என்று நான் வாதாடவில்லை. ஆனால் "இரண்டு பேரும் ஒண்டுதான்" என்று நாம் விட்டுவைத்த இடத்தில் ஒருவர் வந்து அமர்ந்தார். போடாத வாக்கும் கணக்கில் சேர்ந்தது.

தென்மராட்சியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் இதே பேச்சைச் சந்தியிலும் கோயில் வீதியிலும் கேட்கிறேன். எங்களுக்கு ஏற்ற ஒருவர் நிற்கவில்லை, ஆகவே எதற்குப் போவான்? தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்து வருகிறது. ஒற்றையாட்சியை விட்டு இறங்காத எந்த வேட்பாளருக்கு வாக்களித்தாலும் அது அந்த ஆட்சிமுறைக்கு நாம் இடும் ஒப்பம் என்பது அவர்களின் வாதம். அதில் நேர்மை இருக்கிறது. ஆனால் வாக்குச்சீட்டு நற்சாட்சிப் பத்திரம் அல்ல. அடுத்த ஆண்டுகளில் எவரோடு மல்லுக்கட்டுவது நமக்குக் குறைந்த கேடு என்று தெரிவு செய்யும் தாள், அவ்வளவுதான்.

இதை மிகக் கொடுமையாகக் கற்பித்தது 2010 ஜனவரி. போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மகிந்த. மறுபக்கம் அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவுக்கு ஆதரவு கேட்டது. மெனிக்பாம் முகாமிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் அக்கா, முள்ளிவாய்க்காலில் மகனைப் பறிகொடுத்தவர். "தம்பி, இந்தாளுக்கோ என்னைப் போடச் சொல்லுறாய்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இரவு முழுக்க யோசித்துவிட்டு, காலையில் தானாகவே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். "மகிந்தவைக் கேள்வி கேக்க ஒரு ஆளாவது வேணும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவரே அன்று வாக்களித்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அக்காவைப் போலவே தெரிவு செய்தார்கள். பொன்சேகா தோற்றார். அந்த வாக்கை அன்பென்றோ மன்னிப்பென்றோ எவரும் திரித்துக் கூறக் கூடாது.

2015இல் அந்தக் கணக்குப் பலித்தது. மைத்திரிபால சிறிசேன மகிந்தவை நாடு முழுவதிலும் வென்றது ஏறத்தாழ 4 லட்சத்து 50 ஆயிரம் வாக்குகளால். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு மாவட்டங்களில் அவருக்குக் கிடைத்த மேலதிக வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள், அதே அளவு வரும். கைமேல் என்ன கிடைத்தது? 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கொஞ்சம் கட்டியது. வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் கையிலிருந்த காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டன. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. புதிய அரசியலமைப்பு வரவில்லை. காணாமல் போனோருக்கான அலுவலகம் சட்டமாக வந்தும் தாய்மார் தெருவோரக் கொட்டகையை விட்டு எழும்பவில்லை. 2018 ஒக்டோபரில் அதே மைத்திரிபால மகிந்தவைப் பிரதமர் ஆசனத்தில் அமர்த்தினார். இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன்: வீடு வளவு திரும்பக் கிடைத்த ஒரு குடும்பத்தின் முன் நின்று "ஆர் வந்தாலும் ஒண்டுதான்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மனச்சாட்சிக்கு ஒரு வாக்கு, நடைமுறைக்கு ஒரு வாக்கு என்று பிரித்துப் போட வழியில்லாத நாடுகள் பல. எங்களுக்கு அந்த வழி இருக்கிறது. எங்கள் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்புகளை இடலாம். 2024இல் எவரும் பாதிக்கு மேல் பெறாததால், முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது. அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் எஞ்சினார்கள். மற்றவர்களுக்கு விழுந்த 33 லட்சம் வாக்குகளில் இந்த இருவருக்கும் விருப்பு வாக்காகப் போய்ச் சேர்ந்தவை 2 லட்சத்து 73 ஆயிரம் அளவே. முதற்சுற்றில் இருவருக்கும் இடைவெளி 12 லட்சத்து 70 ஆயிரம். மிச்ச 30 லட்சம் பேருக்கு, நாட்டை ஆளப்போகிறவரைத் தீர்மானித்த சுற்றில் குரலே இல்லை.

அவர்களில் எம்மவரும் உண்டு. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரம் வாக்குகள் விழுந்தன. அவர் வெல்லப் போவதில்லை என்பது போட்ட எல்லோருக்கும் தெரியும். எங்கள் கோரிக்கை உயிரோடு இருக்கிறது என்று காட்டப் போட்டார்கள். அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் நான் பேசிப் பார்த்தவர்களில் பலர் 2ஐயும் 3ஐயும் தொடவே இல்லை. ஒருவர் "அவங்களுக்கு எழுதினால் சங்குக்குத் துரோகம்" என்றார். அப்படி இல்லை. முதல் விருப்பு அப்படியே முழுதாக நிற்கும். நம் வேட்பாளர் போட்டியிலிருந்து நீங்கிய பிறகுதான் இரண்டாவதைப் பார்ப்பார்கள்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் முதல் விருப்பை உங்கள் மனம் சொல்பவருக்கே இடுங்கள்; அதில் எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. 2ஐயும் 3ஐயும் வெல்லக்கூடியவர்களில் உங்கள் காணிக்கும் பிள்ளைகளுக்கும் குறைவாகத் தீங்கு செய்வார் என்று நீங்கள் நினைப்பவருக்கு எழுதுங்கள். புள்ளடியோடு இலக்கங்களைக் கலக்க வேண்டாம். மூன்றையும் இலக்கத்திலேயே இடுங்கள்.