கம்பெனி கார் வாங்கலையோ கம்பெனி கார்!

எங்க ஊர்ப் பக்கம் யார் புதுசா தொழில் ஆரம்பிச்சாலும் அதுக்கு ஒரு வரிசை இருக்கு மக்களே. முதல்ல விசிட்டிங் கார்டு. அடுத்து பிள்ளையார் கோயில்ல ஒரு தேங்காய். மூணாவது கார். முதல் ஆர்டர் வந்திருக்காது, கடைக்கு போர்டு கூட மாட்டியிருக்க மாட்டாங்க, ஆனா வாசல்ல ஒரு வெள்ளை வண்டி ரிப்பன் கட்டி நிக்கும். கேட்டா, "கம்பெனி பேர்ல எடுத்தது தம்பி, எல்லாம் டாக்ஸ்ல கழிஞ்சிரும்" என்பார்கள்.

இந்த "டாக்ஸ்ல கழிஞ்சிரும்" என்கிற மந்திரத்தைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறேன். காரணம், அது இப்ப எங்க வீட்டுக்கே வந்திருச்சு. பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், மில் வேலையை விட்டுட்டு ராஜபாளையத்துல சொந்தத் தொழில் ஆரம்பிச்சிருக்கார். சத்திரப்பட்டித் தறிக்காரங்ககிட்ட பேண்டேஜ் துணி எடுத்து மதுரை, திருநெல்வேலி மொத்தக் கடைகளுக்குப் போடுற வியாபாரம். முதலீடு? பி.எஃப். பணமும், மதினி நகையை அடகு வெச்ச பணமும். அதுலேர்ந்து ஒரு பங்கை எடுத்து எட்டு லட்ச ரூபாய் காருக்கு முன்பணம் கட்டலாம்னு இருக்கார். "நீ இன்ஜினியர்ல, எது கோளாறு குடுக்காத வண்டின்னு சொல்லு"ன்னு எனக்கு போன். மெக்கானிக்கல் படிச்சுட்டு சென்னையில பொட்டி தட்டுறவன்கிட்ட கேட்க வேண்டிய கேள்விதான் :-)

எந்த வண்டி என்பது அப்புறம். என் கட்சி இதுதான்: முதல் வருஷத்துல கார் வேண்டாம். வண்டி வாங்கியே ஆகணும்னா, தன்னோட தவணையைத் தானே சம்பாதிக்கிற வண்டியா வாங்கணும்.

முதல்ல ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு (நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள) வரி 18 சதவீதமா குறைஞ்சிருச்சு. அப்படியும் எட்டு லட்ச ரூபாய் காருக்குள்ள சுமார் 1.22 லட்சம் ஜி.எஸ்.டி. உட்கார்ந்திருக்கு. "பில்லுல கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பர் போட்டா அது திரும்பக் கிடைச்சிரும்" என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் ஓடுது. கிடைக்காது சாமி! டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரைக்கும் உட்காரும் பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாதுன்னு ஜி.எஸ்.டி. சட்டத்தோட 17(5) பிரிவு கதவைச் சாத்தி வெச்சிருக்கு. டாக்சி ஓட்டுறவங்க, டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கிறவங்க, வண்டியையே வாங்கி விக்கிறவங்க, இவங்களுக்குத்தான் விலக்கு. ஆனா அதே கதவு சரக்கு வண்டிக்குத் திறந்திருக்கு. காம்போசிஷன்ல இல்லாம முறையான பதிவுல இருந்து, தொழிலுக்குன்னு குட்டி யானை வாங்கினா, கட்டின ஜி.எஸ்.டி.யை நம்ம விற்பனை வரியில கழிச்சுக்கலாம்.

அடுத்தது தேய்மானம். காருக்கு வருஷம் 15 சதவீதம். அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா ஓட்டியிருந்தா அதுலயும் பாதிதான். அதாவது ஆஃபர் குடுக்குறாங்கன்னு தீபாவளிக்கு எடுக்கிற எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு முதல் வருஷம் கழியிறது 60,000. அது வரியில கழியிற பணம் கூட இல்லை, வருமானத்துல கழியிறது. இதைச் சொன்னா பாதிப் பேர் முகம் மாறுது.

அதைவிடப் பெரிய தமாஷ் ஒண்ணு இருக்கு. அண்ணன் மாதிரி தனி ஆளா நடத்துற சின்ன வியாபாரத்துக்கு ஆடிட்டர்கள் வழக்கமா சொல்றது உத்தேச வருமான முறை. ரெண்டு கோடி விற்பனை வரைக்கும் (ரொக்கமா வர்றது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா மூணு கோடி வரைக்கும்) கணக்குப் புத்தகம் எழுதிக் குவிக்க வேண்டாம், விற்பனையில 8 சதவீதம், பேங்க் மூலமா வந்ததுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டினா போதும். ரொம்ப வசதிதான். ஆனா அந்த முறையில தேய்மானம், பெட்ரோல், கடன் வட்டி எல்லாம் ஏற்கெனவே கழிச்சாச்சுன்னு அர்த்தம். காரைக் காட்டித் தனியா ஒரு பைசா கழிக்க முடியாது. போதாக்குறைக்கு, 2025-26 நிதியாண்டிலிருந்து புது வரி முறையில தனிநபருக்கு வருஷ வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. தொழில் ஆரம்பிச்ச முதல் வருஷம் அண்ணன் லாபம் 12 லட்சத்தைத் தாண்டினா நானே மாலை போட்டு வரவேற்கிறேன். தாண்டலேன்னா கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துல எதைக் கழிக்கிறது?

(பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. வெச்சிருக்கிற நண்பர்கள் சண்டைக்கு வராதீங்க. உங்களுக்கு இந்த ரெண்டு சலுகையும் கிடையாது, அதனால தேய்மானம் நிஜமாவே உதவும். லாபம் வந்தா.)

இப்ப யாரும் படிக்காத ஒரு காகிதம்: இன்சூரன்ஸ் பாலிசி. தனிநபர் கார் பாலிசியில "பயன்பாட்டு வரம்பு"ன்னு ஒரு சின்னப் பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டக்கூடாது, சரக்கு ஏத்தக்கூடாது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டும் ஏத்தலாம். எங்க ஊர்ல கம்பெனி கார் எப்படி ஓடும்னு எல்லாருக்கும் தெரியும். பின் சீட்டை மடக்கி, கண்ணாடி வரைக்கும் துணி பேலை அடுக்கி, பக்கத்து சீட்டுலயும் ஒரு மூட்டைக்கு பெல்ட் போட்டு உட்கார வெச்சுத்தான் மதுரைக்குப் போகும். வழியில ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிக்காரன் க்ளெய்மை மறுக்க அந்த ஒரு வரி போதும். வண்டியும் போய், சரக்கும் போய், தவணை மட்டும் மாசாமாசம் வரும். எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கிறது இந்த இடம்தான்.

சரி, கடன். புதுக் கம்பெனிக்கு மூணு வருஷ பேலன்ஸ் ஷீட் எங்க இருந்து வரும்? அதனால பேங்குகள் பெரும்பாலும் முதலாளியோட சொந்த வருமான வரிக் கணக்கையும் சொந்த ஜாமீனையும்தான் கேட்கும். ஆர்.சி.யில கம்பெனி பேர் இருந்தாலும் தொழில் படுத்தா கடன் நம்ம தலையிலதான். அடுத்து எங்க பக்கத்து ஃபைனான்ஸ்காரங்க பேசுற வட்டி. "எட்டு பர்சென்ட்தான் சார்" என்றால் உடனே கேட்க வேண்டியது, ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கா? அஞ்சு லட்சம், அஞ்சு வருஷம், எட்டு சதவீதம் ஃப்ளாட்னா மொத்த வட்டி ரெண்டு லட்சம். மாசத் தவணை சுமார் 11,667. அதையே குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டா வட்டி விகிதம் 14 சதவீதம் வருது. இன்னொரு பேங்க் "ஒன்பது சதவீதம், குறையும் அசலுக்கு" என்றால் தவணை 10,379தான், மொத்த வட்டி சுமார் 1.23 லட்சம். எட்டு பெருசா ஒன்பது பெருசான்னு ஒண்ணாங் கிளாஸ் பையன் சரியா சொல்லிடுவான், நம்மதான் ஷோரூம் ஏசியில தப்பா சொல்றோம். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே தாள்ல எழுதிக் குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயம் ஆக்கியிருக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க.

ஏழு வருஷத் தவணையும் இனிப்பாத்தான் இருக்கும். ஏழு லட்சத்தை 9.5 சதவீதத்துக்கு ஏழு வருஷம் கட்டினா மாசம் 11,400 சொச்சம், ஆனா வட்டி மட்டும் 2.6 லட்சம். மூணு வருஷத்துல முடிச்சா தவணை 22,400, வட்டி 1.07 லட்சம். மூணு வருஷத் தவணையைக் கட்ட முடியாதுன்னா அந்த வண்டி நம்ம தொழிலுக்குப் பெருசுன்னு அர்த்தம்.

முன்பணம்னு அண்ணன் நினைச்சது ஒரு லட்சம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஆயுள் வரி ஏறினது அவருக்குத் தெரியாது. அஞ்சு லட்சம் முதல் பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது வரைக்கும் 18. எட்டு லட்ச வண்டிக்கு 1.04 லட்சம் ஆர்.டி.ஓ.வுக்கே போகுது. இன்சூரன்ஸ், அது இதுன்னு சேர்த்தா ரெண்டரை லட்சத்தை நெருங்கும். பேண்டேஜ் வியாபாரத்துல அது துணி எடுக்க வேண்டிய காசு. தறிக்காரருக்குக் கையில காசு குடுக்கணும், மதுரைக் கடைக்காரர் குடுக்கும்போதுதான் குடுப்பார். இந்த இடைவெளியில மாட்டித்தான் நிறைய புதுத் தொழில் மூச்சுத் திணறுது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் பள்ளித் தோழன் ஒருத்தன் பால்கோவா போடுறான். 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்ச சரக்கு, ஊர் பேரே விளம்பரம். அவன் செஞ்சது எனக்குப் பிடிச்சிருந்தது. முதல் வருஷம் பூரா வாடகை வண்டிதான். பார்சல் பஸ்ல போகும், சென்னைக்கு அவன் பொதிகையில போவான். ஒவ்வொரு வாடகையையும் ஒரு நோட்டுல எழுதினான், எதுக்கு, எவ்வளவு தூரம், எவ்வளவு காசு. தொடர்ந்து ஆறு மாசம் வாடகைச் செலவு ஒரு வண்டியோட தவணை, டீசல், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் தாண்டினப்பதான் ஒரு சின்ன சரக்கு வண்டி எடுத்தான். எந்த அளவு வண்டின்னும் அந்த நோட்டே சொல்லிடுச்சு. சாஃப்ட்வேர்ல லோட் டெஸ்ட் பண்ணாம சர்வர் வாங்க மாட்டோம்ல, அதே கதைதான்.

நம்ம ஊர் வாகனக் கடன் தொழிலே இந்த லாஜிக்ல வளர்ந்ததுதான். 1954-ல் சென்னையில ஆரம்பிச்ச சுந்தரம் ஃபைனான்ஸ் ஆகட்டும், 1979-ல் வந்து பழைய லாரிக்குக் கடன் குடுத்தே பெருசான ஸ்ரீராம் ஆகட்டும், அவங்க நம்பினது லாரியோட ஓட்டத்தை. லாரி ஓடினா தவணை வரும். வாசல்ல நிக்கிற கார் எங்க ஓடி எங்க சம்பாதிக்கும்?

"குட்டி யானைக்கு பேட்ஜ் லைசென்ஸ் வேணும், பெர்மிட் வேணும், தலைவலி" என்பார்கள். 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வே சொல்லியாச்சு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ளன்னா பெர்மிட்டும் தேவையில்லை. எஃப்.சி. மட்டும் காட்டணும். டாடா ஏஸ் ப்ரோ 2025 ஜூன்ல 3.99 லட்சம்னு (ஷோரூம் விலை) வந்தது. மழைக்குத் துணி நனையக் கூடாதுன்னா மூடின ஈக்கோ கார்கோ இருக்கு. வியாபாரத்துக்கு ஓடுற சரக்கு வண்டிக்கு முத்ரா கடனும் கேட்கலாம், சொந்த உபயோகக் காருக்கு அது கிடையாது.

மறுபக்கமும் இருக்கு, ஒத்துக்கறேன். விடிகாலையில திருமங்கலம் கொல்லம் ரோட்டுல, கேரளா லாரிகளுக்கு நடுவுல, சாம்பிள் பையை மாட்டிக்கிட்டு பைக்ல போறதைவிட கார் பத்திரம். "பைக்ல வந்தா கடைக்காரன் மதிக்கிறதில்லை" என்கிறதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. அப்படிக் கார்தான் வேணும்னா நாலஞ்சு வருஷம் ஓடின சின்ன பெட்ரோல் வண்டி, முடிஞ்சவரை கடன் இல்லாம. ராஜபாளையத்துலயே பார்ட்ஸ் கிடைக்கணும், தெரு முனை மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டணும். கோளாறு இல்லாத வண்டின்னா எனக்கு அதுதான் அர்த்தம். ஆர்.சி.யில பழைய கடன் குறிப்பு நீக்கியிருக்கான்னு பாருங்க. டீசல் வேண்டாம். 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசல்ல புகைத்தூசியைப் பிடிச்சு வெச்சு எரிக்கிற ஃபில்டர் இருக்கு, அது சுத்தமாக நீண்ட ஓட்டம் வேணும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல பன்னெண்டு கிலோமீட்டர் போய்ப் போய் வந்தா இன்ஜின் சூடாகிறதுக்குள்ள ஊர் வந்துரும்.

அண்ணன் இதெல்லாம் கேட்டுட்டு "ம்" மட்டும் சொன்னார். மதினிதான் போனை வாங்கி, "அப்ப புரட்டாசி சனிக்கு திருவண்ணாமலைக்கு எல்லாரும் எப்படிப் போறது?"ன்னு கேட்டாங்க. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து திருவண்ணாமலைதான். ஆளை ஏத்திக்கிட்டுக் குட்டி யானையில போகக்கூடாது மதினி, வாடகைக் கார் சொல்லிருவோம், அதை அந்த நோட்டுல எழுத வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.