இளையராஜாவும் சேப்பாக்கமும்: ரசிக விசுவாசம் குறித்துச் சில எண்ணங்கள்

இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து தாம்பரத்தில் மின்ரயிலுக்காக நின்றிருந்தோம். எங்களைவிட மூத்த வாசகர் ஒருவர் பாதி வேடிக்கையாகவும் பாதி வருத்தமாகவும் கேட்டார்: "தேடித் தேடி நல்ல புத்தகங்களாகப் படிக்கிறீர்கள். பிறகு எப்படி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு விசில் அடிக்கிறீர்கள்?" பதில் சொல்லத் தொடங்குவதற்குள் செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிப் பார்க்கிறோம்.

பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டிய தேநீர்க்கடை ஒன்றில் பல ஆண்டுகளாகக் கூடிவரும் சிறு குழு நாங்கள். கல்லூரி மாணவர்கள் கூட்டமாக இறங்கி, கூட்டமாக ஏறும் அந்த நிலையத்தில் எங்கள் தலைமுறையை யாரும் கவனிப்பதில்லை. எங்களைச் சேர்த்தவை இரண்டு: இளையராஜாவின் இசை, சென்னை சூப்பர் கிங்ஸ் அணி. முதலாவது ஒலிநாடாக் காலத்தில் வந்தது. பிடித்த பாடல்களைத் தாளில் எழுதி, அறுபது நிமிட கேசட்டோடு பதிவுக்கடையில் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். இரண்டாவது 2008இல் வந்து சேர்ந்தது. மின்ரயிலில் பூங்கா நிலையம் வரை சென்று, பூங்கா நகருக்கு நடந்து, பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்குவோம். திரும்புவதற்குக் கடைசி வண்டி கிடைக்குமா என்ற கணக்கு பதினெட்டாவது ஓவரிலேயே தொடங்கிவிடும்.

இந்த இரண்டு பற்றுகளும் ஒன்றல்ல. 1976இல் 'அன்னக்கிளி'யில் ஒலித்த பாடல் இன்றும் அதே பாடல்தான். கேட்கும் நாம் மாறியிருப்போம், அது மாறவில்லை. அணியின் கதை வேறு. 2023 இறுதிப் போட்டி மழையால் தள்ளிப்போய், அகமதாபாத்தில் நள்ளிரவைக் கடந்து முடிந்தது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவை. ரவீந்திர ஜடேஜா ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அதே ஜடேஜா 2026 பருவத்துக்கு முந்தைய வீரர் பரிமாற்றத்தில் ராஜஸ்தான் அணிக்குப் போய்விட்டார். அப்படியானால் நாங்கள் நேசித்தது எதை? ஒரு பெயரை, ஒரு நிறத்தை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்தியவரை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமல்ல. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் என்றோர் அணி உண்டு. 1908இல் பட்டம் வென்ற அந்த அணி அடுத்த பட்டத்தை வென்றது 2016இல். இடைப்பட்ட 108 ஆண்டுகளில் பிறந்து, காத்திருந்து, இறந்துபோன ரசிகர்கள் எத்தனை பேர்! வென்றபோது சிகாகோ மக்கள் மைதானத்தின் செங்கல் சுவர்களில் சாக்கட்டியால் பெயர்களை எழுதினார்கள். ஆட்டக்காரர்களின் பெயர்களை மட்டுமல்ல. அந்த வெற்றியைப் பார்க்காமல் போய்விட்ட தம் தந்தையரின், பாட்டனார்களின் பெயர்களையும். படத்தில் அந்தச் சுவரைப் பார்த்தபோது எங்களுக்கு நடுகல் நினைவுக்கு வந்தது. இதை வெறும் வெறி என்று ஒதுக்கிவிட முடியுமா?

ஆயினும் மூத்தவரின் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. ரசிகனுக்கு விமர்சன புத்தி கிடையாது என்பதே அது. அதில் உண்மை இருக்கிறது என்பதை எங்கள் அனுபவத்திலிருந்தே ஒப்புக்கொள்கிறோம்.

2013இல் வெளியான சூதாட்ட விவகாரத்தைத் தொடர்ந்து, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015 ஜூலை 14 அன்று சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு ஆண்டுகள் விலக்கிவைத்தது. தேநீர்க்கடையில் நாங்கள் சொன்னது, "இது சதி." தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஒரு நாவலின் நானூறு பக்கங்களை வரிவரியாக வாசிப்பவர்கள்தான் நாங்கள்.

அணி 2018இல் திரும்பியபோது காவிரி மேலாண்மை வாரியம் கோரித் தமிழகம் கொதித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தபோது மைதானத்துக்குள் காலணிகள் விழுந்தன. மீதிப் போட்டிகள் புணேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் சிறப்பு ரயிலில் அங்கும் போனார்கள். நாங்கள் போராட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். காலணி வீச்சை இன்றும் ஏற்க மாட்டோம். ஆனால் டெல்டா வயல்கள் காயும்போது கொண்டாட்டம் எதற்கு என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் காதில் வாங்கவே நாங்கள் மறுத்தோம்.

இசையிலும் இதுவே நடந்தது. 2017இல் தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அறிவிக்கை போனது. எங்கள் கடை இரண்டாகப் பிளந்தது. படைத்தவருக்கு உரிமை இல்லையா என்றது ஒரு தரப்பு. நாற்பது ஆண்டு நட்பில் வழக்கறிஞர் எதற்கு என்றது மறு தரப்பு. சட்டம் வேறு, நாகரிகம் வேறு, இசை வேறு. மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. வார்த்தை தடித்து நண்பர் ஒருவர் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். 2019இல் அந்த இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். எங்கள் நண்பர் அப்போதும் வரவில்லை. 2020 செப்டம்பர் 25, பாலசுப்ரமணியம் மறைந்த நாள். புறநகர் ரயில்கள் மக்களுக்காக ஓடாத பெருந்தொற்றுக் காலம். அன்றிரவு அவர் தொலைபேசியில் அழைத்தார். "என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?" என்றார். சொன்னோம். "நானும் அதான்" என்றார். மூன்று ஆண்டுகளை எதற்காகத் தொலைத்தோம் என்று இருவருக்குமே விளங்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் சென்னை அணி ஒரு போட்டியில் தோற்றதற்காக, அணித்தலைவரின் ஐந்து வயது மகளுக்கு இணையத்தில் மிரட்டல் விடுக்கப்பட்டது. பிடிபட்டவனுக்குப் பதினாறு வயது. எங்கள் பிடிவாதத்துக்கும் அந்தக் கொடூரத்துக்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. ஆனால் கேள்வி கேட்பவனை எதிரியாகப் பார்க்கும் பழக்கமே அந்தப் பாதையின் முதல் அடி என்று அஞ்சுகிறோம்.

இதற்குத் தீர்வு ரசிகனாக இல்லாமல் போவதா? இல்லை என்பதே எங்கள் கட்சி. திருவிளையாடற் புராணத்து நக்கீரரை நினைத்துக்கொள்ளலாம். இறைவன் எழுதித் தந்த பாட்டிலேயே பிழை கண்டவர் அவர். சைவ மரபு அவரைத் தள்ளிவைக்கவில்லை; அவர் பெயரில் உள்ள பாடல்களைப் பதினோராம் திருமுறையில் சேர்த்துக்கொண்டது. குற்றம் சொல்வதும் பக்தியும் ஒரே மனிதரிடம் இருக்கலாம் என்பதைத் தமிழ் மனம் நெடுங்காலமாக அறியும். குறையே காணாதவன் தன் ஆதர்சத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டவன். குறை கண்டதும் விலகிப் போகிறவன் முதலிலிருந்தே வாடிக்கையாளன். பார்த்து, சொல்லி, அதன் பிறகும் உடனிருப்பவனையே ரசிகன் என்று அழைக்க விரும்புகிறோம்.

மூத்தவரிடம் ஒரு பதில் கேள்வியும் உண்டு. இலக்கிய உலகில் மன்றங்கள் இல்லையா? தம் எழுத்தாளரின் பலவீனமான நாவலைக் குறைகூறியவரோடு பேச்சை முறித்துக்கொண்ட வாசகர்களை நாம் பார்த்ததில்லையா? கொடியும் சட்டையும் இல்லை என்பதால் அது விமர்சனம் ஆகிவிடாது. விளையாட்டு ரசிகனுக்காவது புள்ளிப்பட்டியல் என்றொரு கடிவாளம் உண்டு. 2025இல் சென்னை அணி முதல்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. அதை எந்த விளக்கத்தாலும் மறைக்க முடியாது. இலக்கியத்தில் அத்தகைய பட்டியல் இல்லை. நம் நேர்மை ஒன்றுதான் உண்டு.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கும் வருவோம். அன்று ஆட்டம் இருந்தால் மஞ்சள் சட்டையோடுதான். மூத்தவர் குறை சொன்னால் இம்முறை வண்டியைத் தவறவிட்டாவது முழுக்கக் கேட்டுக்கொள்வோம்.